இட்லிப்பூக் கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: என்ன செய்யலாம்?

மார்ச் 3, வாசகர் கேள்வி

இட்லிப்பூ எந்த மண்ணிலும் வரும், கவனிப்பே தேவையில்லை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தொட்டியில் வைத்து ஒரு வருடம் ஆகிறது. முதலில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. இப்போது வரும் கொழுந்தெல்லாம் வெளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. எப்சம் உப்பு போட்டேன். துருப்பிடித்த ஆணிகள் புதைத்தேன். மண்புழு உரமும் கொடுத்தாயிற்று. ஒன்றும் மாறவில்லை. இன்னும் என்ன உரம் போடுவது?

மார்ச் 3

உரம் போடுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். எந்த இலை மஞ்சள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நுனியில் புதிதாக வரும் இலை மஞ்சளாகி, நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. அடியில் உள்ள பழைய இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி வந்தால் மக்னீசியம். பழைய இலை முழுக்க ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து (நைட்ரஜன்). நீங்கள் கொழுந்து என்று தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள், ஆகவே இரும்பு. எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்ஃபேட். அதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை, அது மண்ணை அமிலமாக்குவதும் இல்லை.

ஆணி விஷயம். மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே கிடையாது. சாதாரண மண்ணின் எடையில் 1 முதல் 5 சதவீதம் வரை இரும்புதான். அது கரையாத வடிவில் கிடக்கிறது என்பதுதான் பிரச்சினை. பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஒரு அலகு ஏறினால், மண் நீரில் கரைந்து நிற்கும் ஃபெர்ரிக் இரும்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். துருவும் அதே கரையாத இரும்புதான். ஏற்கெனவே கரையாமல் கிடப்பதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறீர்கள், அவ்வளவே.

இட்லிப்பூவுக்குப் பிடித்த பிஎச் 5 முதல் 6 வரை. 6.5-ஐத் தாண்டினால் கொழுந்தில் தெரிந்துவிடும். "எந்த மண்ணிலும் வரும்" என்பது அமில மண் உள்ள இடத்தில் வளர்த்தவர்கள் சொல்வது. அவர்கள் மண்ணில் அது உண்மை.

மார்ச் 3, இரவு

கேட்க விட்டுவிட்டேன். தொட்டியின் வெளிப்புறத்திலும் மண்ணின் மேல்பரப்பிலும் வெள்ளையாகப் பொருக்கு படிகிறதா? எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

மார்ச் 5

பொருக்கு உண்டு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் மண்ணைவிடத் தண்ணீரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இந்தச் செடியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அமில மண், அமில மண் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். தொட்டியில் போடும் கலவை முதல் நாள் எப்படி இருந்தது என்பதற்கு ஆயுள் கொஞ்ச காலம்தான். அதன்பிறகு அது நாம் ஊற்றும் தண்ணீரின் குணத்துக்கு வந்துவிடும். நீங்கள் சொன்ன கதையும் அதுதான்: முதலில் நன்றாகப் பூத்தது, பிறகு வெளுத்தது.

தண்ணீரின் பிஎச் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பார்க்க வேண்டியது அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் (மண்ணைக் காரமாக்கும் உப்பு) அளவு. ஆய்வறிக்கையில் 'மொத்த காரத்தன்மை' என்று, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள். பிஎச் 8 இருந்தும் காரத்தன்மை 40 மட்டுமே உள்ள தண்ணீர் பெரிய தீங்கு செய்யாது. பிஎச் 7.2, காரத்தன்மை 300 என்றால் அது இந்தச் செடிக்கு ஆகாது. மழைநீரின் பிஎச் 5.6 அளவில் இருக்கும். அதில் பைகார்பனேட் ஏறக்குறைய இல்லை, அதுதான் அதன் அருமை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காரத்தன்மை 300 உள்ள தண்ணீரைத் தினம் ஒரு லிட்டர் ஊற்றினால், 0.3 கிராம் சுண்ணாம்புக்கு (கால்சியம் கார்பனேட்) சமமானதைத் தினமும் தொட்டியில் போடுகிறோம். நூறு நாளில் 30 கிராம். வாளி நிறைய அமில மண் வாங்கி வைத்துவிட்டு, மறுபக்கம் பிடிபிடியாகச் சுண்ணாம்பு தூவினால் என்ன ஆகும்? தண்ணீர் தெளிவாக இருப்பதால் அது கண்ணுக்குப் படுவதில்லை.

என்னிடம் ஒரே செடியிலிருந்து வெட்டி வேர்விட்ட கன்றுகள் ஒரே கலவையில், ஒரே மாதிரித் தொட்டிகளில் இருக்கின்றன. ஒரு வரிசைக்குத் தேக்கி வைத்த மழைநீர், இன்னொரு வரிசைக்குக் கிணற்று நீர். உரம், வெயில் எல்லாம் சமம். மழைநீர் வரிசையின் கொழுந்து செம்பு நிறத்தில் பளபளவென்று வந்து கரும்பச்சையாகிறது. மற்றது எலுமிச்சை நிறத்தில் வந்து அப்படியே நிற்கிறது. கிணற்று நீர் வரிசையை இன்றுவரை மாற்றாமல் வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் காட்டுவதற்காக.

மார்ச் 6

தண்ணீர் பற்றி இன்னும் சில.

கடின நீரை மென்மையாக்கும் கருவியிலிருந்து வரும் நீரை ஊற்றாதீர்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைப் போடுகிறது, பைகார்பனேட் அப்படியே இருக்கும். இந்தச் செடிக்கு மென்மையாக்காத தண்ணீரே மேல்.

ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்து வரும் நீர் மிக நல்லது. வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும், அது வேண்டாம்.

ஏ.சி.யின் உள் அலகிலிருந்து வடிகுழாய் வழியே சொட்டும் நீர் கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. பிடித்து வைத்து ஊற்றலாம். ஒன்றிரண்டு தொட்டிகளுக்கு அதுவே போதும்.

மார்ச் 9

எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கலந்து ஊற்றலாமா என்று கேள்வி. கலக்கலாம். காரத்தன்மை 300 உள்ள தண்ணீருக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 கிராம் என்று தொடங்கி, கலக்கி, கொஞ்ச நேரம் விட்டு, பிஎச் தாள் வைத்துப் பாருங்கள். 6 அருகில் வந்தால் நிறுத்திவிடுங்கள். முழுக்கக் காரத்தைக் கொன்றுவிட வேண்டும் என்று 4-க்கு இறக்காதீர்கள், மெல்லிய வேர்கள் கருகும்.

மார்ச் 12

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் அரைகுறை. சிட்ரிக் அமிலமும் வினிகரும் கரிம அமிலங்கள். வாளியில் பைகார்பனேட்டை உடைத்துக் கரியமில வாயுவாக வெளியேற்றிவிடும், அது உண்மை. மிஞ்சும் சிட்ரேட் மண்ணுக்குள் போனதும் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். தின்று முடித்ததும் திரும்பவும் பைகார்பனேட்டே உருவாகும். ஆகவே ஊற்றும் அன்றைக்கும் அடுத்த சில நாளுக்கும் வேருக்கு நிம்மதி, நீண்ட காலக் கணக்கில் வரவு கொஞ்சமே. பெரிய நாற்றங்கால்களில் கந்தக அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ பயன்படுத்துவது இதனால்தான், அவற்றை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்க முடியாது. வீட்டில் கந்தக அமிலம் கையாளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண், தோல் எல்லாம் போய்விடும்.

வீட்டுக்கு ஏற்ற வழி அம்மோனியம் சல்ஃபேட். அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் வெளிப்படுகிறது. வேர் அம்மோனியத்தை நேரே உறிஞ்சினாலும் பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியைத்தான் வெளியே விடும். ஒரு கிராம் அம்மோனியம் சல்ஃபேட், தோராயமாக 1.1 கிராம் சுண்ணாம்பைச் சரிக்கட்டும். நம் கணக்கில் வாரத்துக்கு 2 கிராம் அளவு சுண்ணாம்பு சேருகிறது. அது அத்தனையையும் இந்த உரத்தாலேயே சரிக்கட்டப் போனால் சிறு தொட்டியில் தழைச்சத்து மிகுந்து, இலை பெருத்துப் பூ குறையும். பாதித் தண்ணீரை மழைநீராக மாற்றி, மீதிக்கு மட்டும் இந்த உரத்தை வைத்துக்கொண்டால் சரியாக வரும். வாரம் ஒரு கிராம், தண்ணீரில் கரைத்து, ஈரமான மண்ணில். காய்ந்த மண்ணில் எந்த உரமும் ஊற்றாதீர்கள்.

நைட்ரேட் உரங்கள், குறிப்பாக கால்சியம் நைட்ரேட், எதிர்த் திசையில் இழுக்கும். பையில் 'நைட்ரஜன்' என்று இருப்பதை மட்டும் பார்க்காமல், அது எந்த வடிவில் என்பதையும் படியுங்கள்.

மார்ச் 20

தரையில் வைத்திருப்பவர்கள் ஒருவர் இல்லை, பலர் கேட்கிறார்கள்: கந்தகத் தூள் போட்டால் சரியாகுமா?

மண்ணில் சுண்ணாம்பு தனியாகக் கலந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் இருக்கிறது. சும்மா நனைந்தால் அதிகம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பொங்காத மண்ணில் கந்தகம் நன்றாக வேலை செய்யும். தூளை மண் பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்ற வேண்டும். அதற்கு ஈரமும் வெப்பமும் காற்றும் தேவை. வாரங்களில் தொடங்கி மாதக் கணக்கில் நடக்கும். இன்று போட்டு அடுத்த வாரம் பிஎச் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று இன்னொரு பிடி போடக் கூடாது. நீர் தேங்கும் மண்ணில் போடவே கூடாது. காற்றில்லாத சேற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகி வேரைக் கொல்லும்.

பொங்கும் மண் என்றால் கணக்கு நம் பக்கம் இல்லை. 100 கிராம் சுண்ணாம்பை அழிக்க 32 கிராம் கந்தகம் வேண்டும். மண்ணில் சுண்ணாம்பு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ மண்ணில் அரைக் கிலோ. அதற்கு 160 கிராம் கந்தகம். ஒரு செடியின் வேர் பரவும் இடத்தில் நூற்றுக்கணக்கான கிலோ மண் இருக்கும். அத்தனையும் போட்டு முடித்தாலும் பக்கத்து மண்ணிலிருந்து சுண்ணாம்பு நீர் ஊறி வந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் நான் மண்ணோடு மல்லுக்கட்ட மாட்டேன். தொட்டியில் வைப்பேன், அல்லது தரைக்கு மேல் உயர்த்திக் கட்டிய பாத்தியில்.

மார்ச் 21

உயர்பாத்தி என்றதும் சிமெண்டுக் கல்லால் கட்டி, உள்ளே பூசி, அதில் இட்லிப்பூ வைத்துவிடாதீர்கள். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். வீட்டுச் சுவரை ஒட்டி வரிசையாக நடும் வழக்கத்தில் இதே சிக்கல்தான். கட்டும்போது விழுந்த காரையும் உடைசலும் சுவரோரத்தில் புதைந்து கிடக்கும். வரிசையில் சுவரை ஒட்டிய செடி மட்டும் வெளுத்து, ஓரடி தள்ளியது பச்சையாக நின்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

ஏப்ரல் 2

கலவை கேட்டவருக்கு. நான் போடுவது: கழுவிய தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு (வினிகரில் பொங்காதது), மக்கிய இலைத்தூள் ஒரு பங்கு, பருமணல் அல்லது பெர்லைட் ஒரு பங்கு. மணலிலும் கிளிஞ்சல் துண்டு இருக்கும், அதையும் வினிகரில் பாருங்கள்.

நார்த்தூளைக் கழுவாமல் போடுவது வினை. உப்பு நிறைய இருக்கும். ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து, வடியும் நீர் வெளுக்கும் வரை செய்யுங்கள். பீட் பாசி கிடைத்தால் அது இன்னும் அமிலம், பிஎச் 3.5 முதல் 4.5 வரை இருக்கும். ஆனால் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் திரும்ப நனையாமல் அடம்பிடிக்கும். அதனால் வெயிலில் நிற்கும் தொட்டிக்கு நார்த்தூள்தான் என் விருப்பம்.

சாம்பல் வேண்டாம், முட்டை ஓடு வேண்டாம். இரண்டும் காரம். ரோஜாவுக்கோ தக்காளிக்கோ அவை நல்லது என்று யாரோ எழுதியதைப் படித்து எல்லாத் தொட்டியிலும் தூவுகிறார்கள்.

ஏப்ரல் 4

காபிப் பொடிச் சக்கை மண்ணை அமிலமாக்கும் என்பார்கள்: வடிகட்டும்போதே அமிலத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். சக்கை பெரும்பாலும் நடுநிலைக்கு அருகில். இட்லிப்பூவும் காபியும் ஒரே குடும்பம், ரூபியேசி. அந்த உறவை வைத்து யாரோ கிளப்பிய நம்பிக்கை போலும். மக்க வைத்துப் போடுங்கள், நல்ல உரம். தடிமனாகப் பரப்பினால் இறுகித் தண்ணீரைத் தள்ளும்.

படிகாரம்: வேகமாக பிஎச் இறக்கும், உண்மைதான். அதில் அலுமினியம் இருக்கிறது. ஹைட்ரேஞ்சியாப் பூவை நீலமாக்க அந்த அலுமினியமே வேண்டும். இட்லிப்பூவுக்கு அதனால் எந்த லாபமும் இல்லை. மிகுந்தால் வேர் நுனி குட்டையாகும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அதோடு ஒட்டிக்கொண்டு செடிக்குக் கிடைக்காமல் போகும். நான் தொடுவதில்லை.

ஏப்ரல் 11

தண்ணீரை மாற்றிவிட்டேன், இன்னும் மஞ்சள் என்கிறார் முதலில் கேட்டவர். பொறுங்கள். மண் மாறும்வரை செடிக்கு இரும்பு கொடுத்துத் தாங்க வேண்டும். அதற்குச் செலேட் இரும்பு, அதாவது கரைந்தே இருக்கும்படி வேறொரு மூலக்கூறு பிடித்து வைத்திருக்கும் இரும்பு. வாங்கும்போது உறையில் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள், ஒன்று போலவே தெரியும்:

இ.டி.டி.ஏ. — பிஎச் 6.5 வரைதான் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும். கார மண்ணில் ஊற்றினால் இரும்பை விட்டுவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இலையில் தெளிக்கலாம்.
டி.டி.பி.ஏ. — 7.5 வரை தாங்கும்.
இ.டி.டி.எச்.ஏ. — 9 வரையிலும் தாங்கும். கரைத்தால் அடர்ந்த சிவப்பாக இருக்கும். சுண்ணாம்பு மண்ணுக்கு இது ஒன்றுதான்.

கடையில் எளிதாகக் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகை. "செலேட் இரும்பு போட்டும் பலனில்லை" என்று சொல்பவர்களில் பலர் அதைக் கார மண்ணில் ஊற்றியவர்கள். இ.டி.டி.எச்.ஏ. வெளிச்சத்தில் சிதையும். மாலையில் ஊற்றி, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். அளவு உறையில் உள்ளபடி, அதற்கு மேல் வேண்டாம்.

ஏப்ரல் 12

அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்) போதாதா என்று கேட்கிறார்கள். கார மண்ணில் ஊற்றினால் போதாது, சீக்கிரமே துருவாகிவிடும். தெளித்தால் உதவும். 0.5 சதவீதம், அதாவது லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, ஒரு கிராம் சிட்ரிக் அமிலம். அமிலத்தை முதலில் கரைத்துவிட்டு அன்னபேதியைப் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கரைசல் பழுப்பேறும். பழுப்பான கரைசலைத் தெளித்துப் பயனில்லை. வெளிர்பச்சைப் படிகமாக இருக்கும் சரக்கையே வாங்குங்கள், மஞ்சள் பொடி பூத்திருந்தால் பழசு. மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி. முதலில் ஒரு கிளையில் தெளித்துப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். தரை ஓடுகளில் பட்டால் துருக் கறை போகவே போகாது.

ஏப்ரல் 25

ஒரு தொட்டியை எடுத்துப் பார்த்ததில் தோன்றியது. அதே நல்ல தண்ணீர், அதே கலவை, ஆனால் வடிதுளையை வேர் அடைத்துக்கொண்டிருந்தது. கொழுந்து மஞ்சள். ஆக, தேங்கும் நீரும் இதே அடையாளத்தைக் காட்டும். இரும்பைக் கரைத்து உள்ளே இழுக்க வேர் உழைக்க வேண்டும், அதற்கு மூச்சு வேண்டும். ஈரத்தில் மூச்சுத் திணறும் வேரால் அது முடியாது. சுண்ணாம்புள்ள ஈர மண்ணில் கரியமில வாயு வெளியேற முடியாமல் தங்கிப் பைகார்பனேட்டாகவும் பெருகும். இரண்டு பக்கமும் அடி.

ஆகவே இ.டி.டி.எச்.ஏ. தேடிப் போவதற்கு முன் ஒரு குச்சியை எடுத்துத் துளையைக் குத்திப் பாருங்கள். மார்ச் 5 குறிப்பில் தண்ணீரின் தரத்தை மட்டுமே எழுதினேன், அதன் அளவையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மேல்மண் விரல் நுனிக்குக் காய்ந்ததும் ஊற்றுங்கள், துளை வழியே வடியும் அளவுக்கு. தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

மே 8

பூ ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்: நிழல், கத்தரிக்கோல்.

இட்லிப்பூ கிளையின் நுனியில்தான் கொத்து வைக்கும். வேலியாக நட்டு, நேர்க்கோடாக இருக்க வேண்டும் என்று அடிக்கடி மேலே மழித்துவிட்டால் ஒவ்வொரு மழிப்பிலும் வரப்போகும் கொத்துகள் எல்லாம் போகின்றன. எத்தனையோ வேலிகள் வருடக்கணக்காகப் பூவே பார்க்காமல் பச்சைச் சுவராக நிற்கின்றன. அந்தச் செடிகளுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும்.

நான் செய்வது: கொத்து உதிர்ந்ததும் அந்தக் கொத்தையும் அதன்கீழ் ஒரு கணுவையும் சேர்த்து வெட்டுவேன். இலைகள் எதிரெதிராக ஜோடியாக வருவதால் வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை கிளம்பும். இரண்டு நுனி, இரண்டு கொத்து. இப்படியே போனால் செடி தானாக உருண்டை பிடிக்கும். பெரிய கவாத்து செய்ய வேண்டி வந்தால் செடி துளிர்விட்டு வளரும் பருவத்தில் மட்டும். குளிரில் முடங்கியிருக்கும்போது வெட்டினால் வெட்டுக்குக் கீழே காய்ந்துகொண்டே போகும். மஞ்சளாக இருக்கும் செடியையும் வெட்டாதீர்கள், முதலில் பச்சை திரும்பட்டும்.

வெயில் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். நிழலில் இலை அழகாகத்தான் இருக்கும்.

மே 9

குட்டை ரகம் பற்றி. இலை சிறிதாக, கணு நெருக்கமாக வருபவை தொட்டிக்கு ஏற்றவை. அவற்றை வெட்டவே தேவையில்லை. இடத்துக்குத் தக்க உயரமுள்ள ரகத்தை வைத்துவிட்டால் கத்தரிக்கு வேலை பாதி குறையும்.

ஜூன் 1

வேறொருவர்: அடி இலைகளில் செம்பழுப்புப் புள்ளிகள், பூஞ்சைக்கொல்லி அடித்தும் நிற்கவில்லை.

கொழுந்து சுத்தமாக இருந்து, பழைய இலைகளில் மட்டும் புள்ளி என்றால் அது பூஞ்சையாக இருக்க வாய்ப்புக் குறைவு. சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவுக்கு இந்தச் செடி காட்டும் அடையாளமே அந்தச் செம்பழுப்புப் புள்ளி. பழைய இலை முழுவதும் செம்பழுப்பாக மாறினால் மணிச்சத்து. குளிர் அடித்தாலும் முழு இலை நிறம் மாறும், அதனால் பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் சல்ஃபேட் குறைந்த அளவில் கொடுத்துப் பாருங்கள். புள்ளி விழுந்த இலை தேறாது, அடுத்து முதிரும் இலைகளில் புள்ளி வருகிறதா என்பதுதான் சோதனை.

இங்கே எப்சம் உப்பு திரும்ப வருகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் வேரில் ஒன்றோடொன்று போட்டி. காரணமில்லாமல் எப்சம் உப்பு போட்டுக்கொண்டே இருந்தால் பொட்டாசியம் உள்ளே போவது குறையும். மணிச்சத்தையும் அளவுக்கு மேல் போடாதீர்கள். அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும், மறுபடி கொழுந்து மஞ்சளுக்கே வந்து நிற்போம்.

ஜூன் 14

இலைமேல் கரி படிந்த மாதிரி இருந்தால் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். தண்டிலும் இலையடியிலும் செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீரில்தான் அந்தக் கரும்பூசணம் வளர்கிறது. எறும்பு அந்த இனிப்புக்காக அவற்றைக் காவல் காக்கும். எறும்பைத் தடுத்தால் பொறிவண்டுகள் பாதி வேலையை முடித்துவிடும். கொஞ்சமாக இருந்தால் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவலாம். அதிகமென்றால் வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்பு நீரோடு, வெயில் தாழ்ந்தபின். கொத்து பூத்திருக்கும்போது பூவில் படாமல் தெளியுங்கள், பட்டாம்பூச்சிகள் அந்த நீண்ட குழலுக்குள் தேன் எடுக்க வந்துகொண்டே இருக்கும்.

தரையில் உள்ள செடி தண்ணீர் இருந்தும் சோர்ந்து, வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அதற்கு மருந்து தேடுவதைவிட, இலைமக்கு நிறையச் சேர்த்த புதுக் கலவையில் புதுக் கன்று வைப்பதையே சொல்வேன்.

ஜூலை 6

கன்று எடுப்பது. பச்சையும் இல்லாமல் கட்டையும் ஆகாமல், வளைத்தால் சற்று முறுக்கோடு நிற்கும் தண்டு. 10 முதல் 15 செ.மீ., பூவோ மொட்டோ இல்லாத நுனி. கீழ்க் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, வேர் ஊக்கியில் தொட்டு, நார்த்தூளும் மணலும் சமமாகக் கலந்ததில் செருகுங்கள். மேலே ஒளி ஊடுருவும் பை. வெளிச்சமான நிழல். வேர் வர ஒன்றிரண்டு மாதம் ஆகும். இதற்கும் மழைநீர்தான். மஞ்சள் பாய்ந்த தாய்ச்செடியில் வெட்டாதீர்கள், அந்தப் பலவீனத்தோடு வேர்விட அது தடுமாறும்.

ஜூலை 19

கார்டீனியா, அசேலியா, கமேலியா வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்துமா? தண்ணீர், பிஎச், இரும்பு பற்றிச் சொன்னதெல்லாம் பொருந்தும். கவாத்து பொருந்தாது. கமேலியாவும் அசேலியாவும் அடுத்த பருவத்துக்கான மொட்டை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளும். பூ முடிந்த கையோடு வெட்டாமல் தள்ளிப்போட்டால் அடுத்த பூவையே வெட்டுகிறோம். அசேலியாவின் வேர் மயிரிழை மாதிரி மேலாகப் பரவும், அடிமரத்தை ஆழமாகப் புதைக்கக் கூடாது, மண்ணைக் கிளறவும் கூடாது. கார்டீனியா மொட்டு உதிர்த்தால் இரும்பை மட்டும் பார்க்காமல், இடையில் தொட்டி காய்ந்ததா, இடம் மாற்றினீர்களா என்றும் பாருங்கள்.

ஆகஸ்ட் 10

முதலில் கேட்டவரிடமிருந்து: புதிதாக வந்த மூன்று ஜோடி இலைகள் பச்சை, பழைய மஞ்சள் இலைகள் அப்படியே, பறித்துவிடலாமா?

பறிக்காதீர்கள். இரும்பு செடிக்குள் ஓரிடத்தில் சேர்ந்தபின் எளிதில் நகராது. அதனால்தான் குறை கொழுந்தில் முதலில் தெரிகிறது, அதனால்தான் பழைய மஞ்சள் இலைகள் வேர்வழி வரும் இரும்பில் முழுதாகத் தேறுவதும் அரிது. வெளிர்ந்திருந்தாலும் அவை கொஞ்சம் உணவு தயாரிக்கின்றன. மேலே பச்சை பெருகியதும் தானாக உதிரும். மருந்து வேலை செய்கிறதா என்பதை இனி எப்போதும் புது இலையில் பாருங்கள்.

செலேட் ஊற்றுவதை இடைவெளி கூட்டிக்கொண்டே போய் நிறுத்துங்கள். மழைநீரை நிறுத்தாதீர்கள். மழை இல்லாத மாதங்களில் கிணற்று நீரே கதி என்றால், நல்ல நீர் கிடைக்கும் நாளில் தொட்டியின் கொள்ளளவைப் போல இருமடங்கு நீரை மெதுவாக ஊற்றி அடிவழியே வடியவிட்டு, சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள். மறுநாள் அம்மோனியம் சல்ஃபேட் ஒரு கிராம். தொட்டிக் கலவையின் பிஎச்சை அவ்வப்போது பாருங்கள். மேல்மண்ணை எடுத்துப் பார்த்தால் பொருக்கின் அளவுதான் வரும், தண்ணீர் ஊற்றி அடியில் வடிவதைப் பிடித்துத் தாள் வையுங்கள். 6-க்கு மேல் ஏறத் தொடங்கினால் கொழுந்து மஞ்சளாகும்வரை காத்திருக்காமல் அப்போதே தண்ணீரைக் கவனியுங்கள்.

ஆகஸ்ட் 11

ஆணிகளை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார். எடுத்துவிடுங்கள். மறுதொட்டி மாற்றும்போது கையைக் கிழிக்கும்.